சோழர் கொடிக்கு ஒரு நிறம்

வலங்கைமான் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியர். ஆண்டு விழாவுக்குச் சோழர் நாடகம் போட்டோம். கொடியை மட்டும் வரலாற்றுப்படி நானே செய்து தருவதாக வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

புலியில் குழப்பமில்லை. செப்பேட்டு முத்திரையில் இருப்பதுபோல, உட்கார்ந்திருக்கும் புலியாக வரையச் சொன்னேன். பாய்கிற புலிதான் எடுப்பாக இருக்கும் என்று ஓவிய ஆசிரியர் அடம்பிடித்தார். நான் விடவில்லை. ஆனால் துணியின் நிறத்தில் மாட்டிக்கொண்டேன். அதை உறுதியாகச் சொல்ல எனக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை.

சிவப்பு என்றேன். "ஐயோ, அது அவங்க கட்சி சார்" என்றார் தலைமையாசிரியர். மஞ்சளுக்கு ஒரு சாதிச் சங்கம் குறுக்கே வந்தது. பச்சை, நீலம், காவி என்று நான் நினைத்த நிறத்துக்கெல்லாம் எங்கள் பேருந்து நிறுத்தத்திலேயே கொடிக்கம்பம் நின்றது. கடைசியில் நெல் மூட்டைச் சாக்கின் நிறம்தான் மிஞ்சியது. அதற்கு மட்டும் ஊரில் யாரும் உரிமை கொண்டாடவில்லை. ஒரு சாக்கையே பிரித்துத் தைத்து, அதில் புலியை உட்கார வைத்தோம்.

விழாவன்று கொடியை டிராக்டரில் கட்டிக்கொண்டு போனோம். டீக்கடை வாசலில் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். கொடியை நிதானமாகப் பார்த்தார். நான் சோழர் வரலாற்றைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

"புதுசா ஆரம்பிச்சிருக்கீங்களா சார்? எங்க வீட்டுல ஆறு ஓட்டு இருக்கு. ஒன்றியச் செயலாளருக்கு ஆள் போட்டாச்சா?"