வந்தவனுக்குக் கூழ் இல்லை

நோர்வேயில் சாப்பிட்டு எழும்பும் ஒவ்வொருவரும் "தக் ஃபோர் மாத்தன்" என்று சொல்லவேண்டும். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். விருந்து வீட்டில் மட்டுமென்றால் பரவாயில்லை. சொந்த வீட்டில் வெறும் பாணும் பட்டரும் தின்றாலும் சொல்லத்தான் வேண்டும். என் மகள் பாலர் பாடசாலையில் இதைப் பழகிவந்து தாய்க்குச் சொன்னபோது, பிள்ளை ஏதோ ஏசுகிறாள் என்றே நினைத்தோம். விளங்கியதும் என் மனைவிக்கு அது நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். சொல்ல மறந்தால் எனக்குத் தேத்தண்ணி பிந்தும்.

அங்கே நான் கூழ் காய்ச்சிப் பார்க்காமல் இல்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா தமிழ்க் கடையில் கிடைக்கும். நண்டுதான் அவித்து, உறையவைத்து, எந்தக் கடல் என்றே தெரியாமல் வரும். ஒருமுறை கீழ்வீட்டு நோர்வேக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். கண்ணாலும் மூக்காலும் நீர் ஓட, மரியாதையாகக் குடித்து முடித்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். சூப் முடிந்தால் சாப்பாடு வரவேண்டுமல்லவா. "அடுத்தது என்ன?" என்று கேட்டார். "அடுத்தது நித்திரைதான்" என்றேன். பாவம், போகச் சொல்கிறேன் என்று நினைத்து உடனே எழும்பிவிட்டார். வாசலில் நின்று "தக் ஃபோர் மாத்தன்" சொல்ல மட்டும் மறக்கவில்லை.

இந்த முறை ஊருக்கு வந்து, மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்தில் நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கும் அக்காவிடம் போனபோது, கூழ் குடிக்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். அக்கா ஃபிரைட் ரைஸ் வைத்தாள். அடுத்த நாள் கோழிப் பொரியலும் போத்தல் தண்ணீரும். அதற்கடுத்த நாள் மறுபடியும் ஃபிரைட் ரைஸ்.

"அக்கா, கூழ் காய்ச்சன்."

"உனக்கென்ன விசரே? வெளிநாட்டில இருந்து வந்தவனுக்குக் கூழ் குடுத்தவள் எண்டு சனம் கதைக்கவோ?"

எங்கள் பக்கத்தில் கூழ் விருந்துச் சாப்பாடு இல்லை. வீட்டுக்காரர் வட்டமாக இருந்து, சிரட்டையில் வாங்கி, மூக்கைச் சிந்திச் சிந்திக் குடிப்பது அது. வந்தவர்களுக்குக் கோழி. பிறந்த வீட்டில் நானும் வந்தவனாகிப் போனேனோ என்று கோழிக்காலைக் கடித்தபடி உண்மையாகவே கவலைப்பட்டேன்.

மறுநாள் காலை அத்தானின் பழைய சாரத்தையும் தேய்ந்த செருப்பையும் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, பாலம் கடந்து, மன்னார் மீன் சந்தைக்குப் போனேன். அந்த வேஷத்தில் என்னை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் நானாவிடம் உயிர் நண்டும் இறாலும் வாங்கினேன்.

"எந்த நாடு தம்பி?" என்றார்.

"உயிலங்குளம்."

"அது சரி. எந்த நாடு?"

"எப்பிடி நானா கண்டுபிடிச்சனீங்கள்?"

"நண்டை வாங்கிப்போட்டு இப்ப நன்றி சொன்னீங்களே. எங்கட ஆக்கள் விலை கூடவெண்டு ஏசிப்போட்டெல்லோ போவினம்."

வரும் வழியெல்லாம் நண்டுகள் பையைப் பிறாண்டிக்கொண்டே வந்தன. உயிரோடு வந்த நண்டைப் பார்த்ததும் அக்காவால் மறுக்க முடியவில்லை. திட்டிக்கொண்டே அடுப்பை மூட்டினாள். மத்தியானம் எல்லோரும் பாயில் வட்டமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கதிரை, அலுமாரியிலிருந்து எடுத்த கண்ணாடிக் கோப்பை, ஒரு கரண்டி. நான் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, அத்தானுக்குப் பக்கத்தில் இடித்து நெருக்கி இருந்தேன். அக்கா ஒரு கணம் பார்த்தாள். ஒரு சிரட்டையைக் கழுவி நிறைய ஊற்றித் தந்தாள்.

செத்தல் மிளகாய் தொண்டையைப் பிடித்தது. மூக்கு ஓடியது. நண்டுக்காலை உறிஞ்சும்போது பாயில் சிந்திவிட்டேன்.

"மாடு! பாத்துக் குடியன்" என்று அக்கா கத்தினாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தச் சந்தோஷத்திலேயே கடைசி மிடறையும் குடித்து, வாயைத் துடைத்து, என்னையறியாமல் "தக் ஃபோர் மாத்தன்" என்றேன்.

"என்ன சொன்னனீ?"

"சாப்பாட்டுக்கு நன்றி எண்டு. அங்க அப்பிடித்தான் சொல்லுறது."

"எனக்கோ நன்றி?"

அகப்பை அப்படியே நின்றது. அக்கா எழும்பிப் போய், ஓரத்தில் கிடந்த கண்ணாடிக் கோப்பையை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என் கையில் தந்தாள்.

"அப்ப நீங்கள் இதிலயே குடியுங்கோ."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அகப்பையில் கூழை அள்ளிக்கொண்டு அக்கா காத்துநின்றாள். ஒரு கையில் சிரட்டை, மறுகையில் கோப்பை. எதை நீட்டுவதென்று தெரியாமல் இரண்டையும் நீட்டினேன்.