ஒரு வார இறுதிக்கு மூன்று அறைகள்

ஜெரால்டின் ஷாஃபர் யாரையும் முகத்தைப் பார்த்து எடை போட்டதில்லை. கையைப் பார்த்துத்தான் போடுவாள். அல்டூனா ஊரின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் அவளுக்கு அதுதான் வேலை. வாங்க வந்தவள் மாதிரி கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு மாடி மாடியாகச் சுற்றுவாள். லிப்ஸ்டிக் எந்த விரலிடுக்கில் மறைகிறது, புது பூட்ஸ் குழந்தை வண்டிக்கு அடியில் எப்படிப் போகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆள் வாசலைத் தாண்டியதும் மெல்லத் தோளைத் தொட்டு, "கொஞ்சம் உள்ள வர்றீங்களா?" என்பாள். பிடிபட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். கேட்டுக் கேட்டு அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: கதை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பொய்.

ஊர்த் திருடர்களையெல்லாம் பிடித்தவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள். சனிக்கிழமை தோறும் ஓவர்டைம் என்று போய்க்கொண்டிருந்த கணவன் ரேமண்ட் ஒரு சனிக்கிழமை திரும்பி வரவில்லை. பௌலிங் கூடத்தில் வேலை பார்த்த பெண்ணோடு ஒஹாயோவில் குடித்தனம் வைத்துவிட்டான். ஊரில் கடைசியாக அது தெரியவந்தது ஜெரால்டினுக்குத்தான். அதன் பிறகு, வெளியே பனி பெய்கிறது என்று யாராவது சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

அறுபதைத் தாண்டி, வேலையும் ஓய்ந்த பிறகு அவள் வாழ்க்கையில் வந்து சேர்ந்தவர் க்ளீட்டஸ் ட்ரெக்ஸ்லர். ரயில் பணிமனையில் இன்ஜின்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தீயணைப்பு நிலையக் கூடத்தில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுத்துக் கொடுப்பார். ஜெரால்டினின் தட்டில் மட்டும் ஒரு துண்டு கூடுதலாக விழுவதை அவள் கவனித்தாள். கையைத்தானே பார்ப்பாள். பிறகு வியாழக்கிழமைகளில் இரண்டு பேரும் டைனர் உணவகத்தில் சேர்ந்து சாப்பிடுவது வழக்கமாயிற்று.

நல்ல மனிதர்தான். ஆனாலும் சில விஷயங்கள் அவளுக்கு இடித்தன. சினிமாவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். சாப்பாடு முடிந்ததும், வீட்டுக்கு வந்து சோஃபாவில் கொஞ்சம் உட்காருங்களேன் என்றால் தொப்பியை எடுத்துக்கொள்வார். சாயங்காலத்தில் பால் விடாத காபியைக் கோப்பை கோப்பையாகக் குடிப்பார். ராத்திரியில் விழித்திருந்து இந்த மனிதர் எங்கே போகிறார்?

இப்படி இருக்கையில்தான், ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, சிக்கன் பாட் பை என்ற கோழிக்கறிப் பண்டத்தைக் கிளறிக்கொண்டே அவர் அதைக் கேட்டார்.

"அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி பிலடெல்பியா போயிட்டு வரலாமா?"

"பிப்ரவரியிலயா? குளிர்ல யாருங்க அங்க போவாங்க?"

"யாரும் போகமாட்டாங்க. அதான். கோடையில அந்தப் பழைய சுதந்திர மணியைப் பார்க்கவே தெரு வரைக்கும் கூட்டம் நிக்கும். இப்போ நாமளும் காவலாளியும் மட்டும்தான் இருப்போம். காலை ரயிலைப் பிடிச்சா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம். ஆத்தங்கரைக்குப் பக்கத்துல ஒரு பழைய வீடு, இப்போ விடுதியா நடத்துறாங்க. சுதந்திரப் போருக்கு முந்தின வீடாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, காது சிவக்கச் சொன்னார்: "ரூம் தனித்தனியாதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று ஜெரால்டின் எழுந்து வந்துவிட்டாள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே மனம் அங்கே போய்விட்டது. அந்தச் சாம்பல் கோட்டு போதுமா, சறுக்காத பூட்ஸ் எது, அந்த ஊருக்குப் பேர்போன மிளகு சூப் இன்னும் அங்கே கிடைக்கிறதா. ஆசை வந்ததும் கூடவே பயமும் வந்தது. ரேமண்ட் கடைசியாகப் பேசியதும் ஒரு பயணத்தைப் பற்றித்தான்.

மறுநாள் காலையில் விடுதிக்குப் போன் போட்டாள். குரலை மாற்றிப் பேசுவது அவளுக்குக் கை வந்த கலை.

"மிஸ்டர் ட்ரெக்ஸ்லர் சார்பா பேசுறேன். ரெண்டு ரூம் சொல்லியிருந்தாரே, சரியா இருக்கான்னு கேக்கச் சொன்னார்."

விடுதிக்காரி திருமதி பெக்கம் கலகலப்பான மனுஷி. "ரெண்டு இல்லம்மா, மூணு! இரண்டாம் மாடியில வரிசையா மூணையும் கேட்டு வாங்கினார். அந்தக் கடைசியில அந்த அம்மாவுக்கு, இந்தக் கடைசியில அவருக்கு."

"நடுவுல?"

"அதுவும் அவர் பேர்லதான். யார் வர்றாங்கன்னு சொல்லலை. நான் கேட்டேன், மனுஷன் மென்னு முழுங்கிட்டார்."

ஜெரால்டின் போனை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எதிர்வீட்டிலிருந்த அக்கா ஃப்ளோரன்ஸைக் கூப்பிட்டாள். சந்தேகம் ஜெரால்டினுக்குத் தொழில் என்றால் ஃப்ளோரன்ஸுக்கு அது பொழுதுபோக்கு.

"இன்னொரு பொம்பளைதான்டி," என்றாள் ஃப்ளோரன்ஸ், காபி ஆறுவதற்கு முன்பே. "வேற யாரு? நடுவுல அவ, ரெண்டு பக்கமும் கதவு. வசதியா இருக்குமில்ல."

"அறுபத்தெட்டு வயசுக் கிழவன், ஃப்ளோ. படியேறவே மூச்சு வாங்குது."

"ரேமண்டுக்கும் மூச்சு வாங்கிச்சு. ஒஹாயோ வரைக்கும் ஓடலையா? சரி, பொம்பளை இல்லன்னா கூட்டாளி. பென்ஷன்காரிங்களை மயக்கி வீட்டை எழுதி வாங்குற கும்பல் இருக்காம். அது போகட்டும், அவன் பொண்டாட்டி செத்துட்டான்னு யார் சொன்னா?"

"அவரேதான் சொன்னார்."

"அவனேதான் சொன்னான்!" ஃப்ளோரன்ஸ் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் எல்லாம் அடங்கியிருந்தது.

ஆகவே ஜெரால்டின், க்ளீட்டஸ் சேர்ந்த லூத்தரன் சபையின் கல்லறைக்குப் போனாள். பனி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பெயர்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு மேட்டின் ஓரத்தில் கிடைத்தது: ஆர்லீன் ட்ரெக்ஸ்லர், பிறந்த வருடம், இறந்த வருடம். அதே கல்லில் பக்கத்திலேயே க்ளீட்டஸ் ட்ரெக்ஸ்லர், பிறந்த வருடம், ஒரு கோடு, பிறகு இறந்த வருடத்துக்காக விட்ட வெறும் கல். தன்னோடு வியாழன்தோறும் சாப்பிடுகிற மனிதரின் பெயரைக் கல்லறையில் படித்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. கையுறையால் அந்த வெற்றிடத்தையும் துடைத்துவிட்டாள்.

"ஜெரால்டின்?"

பின்னால் க்ளீட்டஸ், கையில் பனி தள்ளும் மண்வாரியோடு.

"அம்மாவைப் பார்க்க வந்தேன்," என்றாள் சட்டென்று.

"உங்கம்மா கத்தோலிக்கராச்சே. அவங்க கல்லறை மலைக்கு அந்தப் பக்கம் இல்ல?"

"பனியில வழி தவறிடுச்சு."

இத்தனை வருடம் பொய் கேட்ட அனுபவத்தில் இவ்வளவு மட்டமான பொய்யை அவள் கேட்டதே இல்லை. க்ளீட்டஸ் அவளையும் துடைத்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் கட்டிய சரிவில் இறங்க முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கேட்காமல் விட்டதே அவளுக்கு மேலும் சந்தேகத்தைக் கிளப்பியது. குற்றமில்லாதவன் கேட்டிருப்பான்.

அதே வாரத்தில் மருந்துக்கடையில் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்த நொடியில் கையிலிருந்த சின்ன அட்டைப்பெட்டி செய்தித்தாளுக்கு அடியில் போயிற்று. திருடவில்லை, கல்லாவில் கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் அந்தக் கையசைவு! முழங்கை அசையாமல் மணிக்கட்டு மட்டும் திரும்பும். அதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

வியாழக்கிழமை அவள் பாட் பை வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. மூணாவது ரூம் யாருக்கு?"

க்ளீட்டஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "விடுதிக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"கல்லறைக்கு வந்ததும் அதுக்குத்தானா?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

அவர் காது மறுபடியும் சிவந்தது. பரிமாறும் பெண் தள்ளிப் போகும்வரை காத்திருந்தார். "யாருக்கும் இல்ல. காலியா இருக்கணும்னுதான் எடுத்தேன்."

"காலி ரூமை யாராவது வாடகைக்கு எடுப்பாங்களா?"

"நான் குறட்டை விடுவேன், ஜெரால்டின்."

"ஊர்ல எல்லா ஆம்பளையும்தான் விடுறான்."

"அந்தக் குறட்டை இல்ல இது. பட்டாளத்துல என்னைத் தனிக் கூடாரத்துல போட்டாங்க. ஆர்லீன் கல்யாணம் ஆன சூட்டோட மாடிக்குக் குடிபோயிட்டா. பக்கத்து வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிடும். அதனாலதான் சினிமா வேண்டாம், சோஃபா வேண்டாம். உக்காந்தா கண்ணு செருகிடும். அதுக்குத்தான் இந்தக் காபி. அந்தப் பழைய வீட்டுல சுவரெல்லாம் வெறும் பலகை. ரெண்டு சுவர் நடுவுல இருந்தா உங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சேன்." குரல் தாழ்ந்தது. "மருந்துக்கடையில வாங்கினது மூக்குல ஒட்டுற பட்டை. அது உதவாது. இருந்தாலும் வாங்கினேன்."

"கதை நல்லா இருக்கு," என்றாள் ஜெரால்டின்.

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். அவளோ ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் விடை இருந்தது: சினிமா, காபி, பெட்டி. ஓட்டையே இல்லாத கதை. அப்படிப்பட்ட கதை உண்மையாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"போகாதே," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"போறேன். நடு ரூமுக்கு யார் வர்றாங்கன்னு கண்ணால பார்க்கணும்."

"பார்த்தா?"

"அடுத்த ரயில்ல வந்துடுவேன். சூப் மட்டும் குடிச்சிட்டு."

வெள்ளிக்கிழமை ரயிலில் க்ளீட்டஸ் ஐந்து மணி நேரமும் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்தே வந்தார். விடுதி அவர் சொன்னபடியே இருந்தது: குறுகலான செங்கல் வீடு, ஏறும்போது கூப்பாடு போடும் படிகள். திருமதி பெக்கம் சாவிகளைக் கொடுத்தாள். நடு அறைக் கதவைத் தாண்டும்போது ஜெரால்டின் குமிழைத் திருகிப் பார்த்தாள். பூட்டியிருந்தது. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, கதவிடுக்கில் எச்சில் தொட்டு ஒட்டி வைத்தாள்.

சனிக்கிழமை காலையிலும் அந்த முடி அப்படியே இருந்தது. க்ளீட்டஸின் கண்கள் மட்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. கேட்டதற்கு, புது இடம் என்றார். இரண்டு பேரும் விரிசல் விட்ட மணியைப் பார்த்தார்கள். கண்ணாடி ஜன்னலில் மூக்கு உறைய நின்று, சுதந்திரப் போர்க் காலத்தில் கொடி தைத்தவர்கள், செய்தித்தாள் அச்சடித்தவர்களின் வீடுகளைப் பார்த்தார்கள். சூப் கிடைத்தது, நாக்கு எரிய எரியக் குடித்தார்கள். அவர் சொன்னபடியே எங்கும் கூட்டமில்லை. கல் பதித்த ஒரு சந்தில் அவள் வழுக்கி அவர் கையைப் பிடித்தாள். சந்து முடிந்த பிறகும் விட மறந்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

மதியம் விடுதிக்குத் திரும்பியபோது பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் காலை நீட்டுகிறேன் என்று க்ளீட்டஸ் மேலே போனார். ஜெரால்டின் கீழே முன்னறையில், படிக்கட்டு தெரியும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். நடு அறைக்கு ஆள் வருவதென்றால் இதுதான் நேரம்.

ஆள் வரவில்லை. சத்தம் வந்தது. முதலில் தெருவில் பனி அள்ளும் வண்டி என்று நினைத்தாள். பிறகு அலமாரியில் பீங்கான் தட்டுகள் கிணுகிணுத்தன. திருமதி பெக்கம் கையில் மாவோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"பாய்லர்! பாய்லர் வெடிக்கப் போகுது! எல்லாரும் வெளிய போங்க!"

அடித்தளத்துக் கதவைத் திறந்தாள். அங்கே நிசப்தம். சத்தம் மேலேயிருந்து வந்தது. ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, பிறகு சரக்கு ரயில் பாலத்தைக் கடப்பது மாதிரி இறங்கியது.

ஜெரால்டின் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை, விலா வலிக்கும்வரை சிரித்தாள்.

"என்னம்மா ஆச்சு?" திருமதி பெக்கம் மிரண்டு போனாள்.

"அவர் சொன்னது நிஜம்," என்றாள் மூச்சு வாங்க. "ஒரு வார்த்தை விடாம நிஜம்."

முந்தைய ராத்திரி முழுக்க அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இருட்டுவதற்குள் சாலைகளை மூடிவிட்டார்கள். விமானம் ரத்தாகி வந்த ஒரு இளம் தம்பதி, உடம்பெல்லாம் பனியோடு, கதவைத் தட்டினார்கள். வீட்டில் காலியாக இருந்தது அந்த நடு அறை ஒன்றுதான். திருமதி பெக்கம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது க்ளீட்டஸின் முகம் செத்துவிட்டது.

"கொடுத்துடுங்க. நான் கீழ நாற்காலியில உக்காந்துக்கறேன்."

"நேத்து உக்காந்தது போதும்," என்றாள் ஜெரால்டின். திருமதி பெக்கமிடம் திரும்பினாள். "அந்தப் பிள்ளைங்களுக்கு அந்தக் கடைசியில இருக்கிற என் ரூமைக் கொடுங்க. நடு ரூமுக்கு நான் வந்துடறேன்."

"ஜெரால்டின், உங்களுக்குப் புரியலை. ஒரு பலகைதான் நடுவுல..."

"மதியமே கேட்டேன். வீடு பூரா கேட்டது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடு அறைக்குப் போனாள். கதவைத் திறக்கையில் அந்த முடி அறுந்தது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று சொன்னால் அது பொய். ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு தடவைகூட யோசிக்க வேண்டி வரவில்லை.

காலையில் இளம் தம்பதி ஸ்க்ராப்பிள் என்ற வறுத்த பன்றிக்கறித் துண்டுகளை உற்சாகமாக வெட்டிச் சாப்பிட்டார்கள். ராத்திரி பனிக்காற்றில் ஜன்னல் அதிர்ந்ததாக நினைத்தார்களாம். க்ளீட்டஸ் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

மதியத்துக்கு மேல் ரயில்கள் ஓட ஆரம்பித்தன. வழியில் ஹாரிஸ்பர்க் ஊரைத் தாண்டும் முன்பே அவர் தொடையைக் கிள்ள ஆரம்பித்துவிட்டார். ஜெரால்டின் அந்தக் கையைப் பிடித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூங்குங்க."

"ரயில் பூரா ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும்."

அவர் தூங்கிவிட்டார். இரண்டு நிமிடத்தில் பெட்டியில் தலைகள் திரும்பின. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். டிக்கெட் பார்க்கிறவர் அடுத்த பெட்டியிலிருந்து வேகமாக வந்து, க்ளீட்டஸின் முகத்தருகே குனிந்தார்.

"அம்மா, இவருக்கு உடம்பு சரியில்லையா? யாராவது கூட வந்திருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்கார்," என்றாள் ஜெரால்டின். "நான்தான் கூட வந்திருக்கேன்."