மூன்று முறை மேலே பார்த்தவர்

துப்பறியும் தொடர்களில் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. பிணத்தின் பக்கத்தில் கிடக்கும் கைக்குட்டையைத் துப்பறிபவர் பேனாவால் தூக்குகிறார், முகர்ந்து பார்க்கிறார், கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைக்க வேண்டாமா? மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் விஜிலன்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் குற்றச்சாட்டுக் குறிப்புகள் எழுதி ஓய்வுபெற்றவன் நான். ஆகவே மும்பை செம்பூரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் எந்தத் தொடரும் நிம்மதியாக ஓடி முடிந்ததில்லை.

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சா எனக்குப் போறும்," என்பாள் மனைவி. "ரசீது யார்கிட்ட இருக்குன்னு அப்பறம் பாத்துக்கலாம்."

மாநகராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் அதுவரை தண்ணீர் வரும் நேரமும் லிஃப்ட் பழுதும்தான் செய்தி. திடீரென்று எல்லோரும் நாட்டைக் காப்பாற்றப் புறப்பட்டார்கள். அந்தச் சந்தடியில் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிய எச்சரிக்கைகளும் வந்து விழுந்தன. எந்த ஊர், எந்தக் காவல் நிலையம், புகார் கொடுத்தது யார், ஒன்றும் இராது. நான் இரண்டு தடவை "ஆதாரம்?" என்று கேட்டேன். பதிலுக்குக் கைகூப்பும் பொம்மைகள் வந்தன.

ஒரு நாள் சங்கச் செயலாளர் கேட் கேமராவில் பதிவான காட்சியைக் குழுவில் போட்டார். கட்டம் போட்ட சட்டையில் ஒல்லியாக ஒருவர், தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார். மூன்று நாளும் அவர் தனியாக நிற்கும் துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். "இந்த ஆள் யார்? யாருக்காவது தெரியுமா?" என்று கீழே ஒரு வரி.

அந்த மத்தியானம் எனக்கு ஏற்பட்டது பயமல்ல, உற்சாகம். இன்று அதை எழுதக் கை கூசுகிறது. காட்சியை ஏழெட்டு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் குறிப்பெடுத்தேன். பிறகு யாரும் கேட்காமலேயே, நல்ல ஆங்கிலத்தில், எண்ணிட்டு, குழுவில் பதிந்தேன். தொடர்ந்து மூன்று வேலைநாட்கள், மூன்று நாற்பதுக்கு மேல் வருகிறார். பள்ளிப் பேருந்து வருவது மூன்று ஐம்பத்தைந்துக்கு. வாட்ச்மேனிடம் பேசுவதைத் தவிர்க்கிறார். தினமும் மூன்று முறையாவது நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். பேருந்து வரும்போது கைக்குட்டையால் முகத்தை மறைக்கிறார். ஆறாவதாக முடிவு: வேவு பார்க்கும் நோக்கம் இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

'மறுப்பதற்கில்லை' என்பது எங்கள் பிரிவின் குலதெய்வம். எதையும் சொன்னதாக ஆகாது, சொல்லாததாகவும் ஆகாது. கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. செயலாளர், "சார், ஏக்தம் ப்ரொஃபெஷனல்" என்று புகழ்ந்து எழுதினார். அன்று இரண்டாவது காப்பியை நானே போட்டுக் குடித்தேன்.

மூன்று நாள் கழித்து, எங்கள் வீட்டில் சப்பாத்தி இடும் அம்மாள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மனைவிக்கு மணிக்கட்டு முறிந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக வருகிறவர். தாராவியிலிருந்து பஸ்ஸில் வருவார். இரண்டு மணிக்கு வந்து ராத்திரிக்கான சப்பாத்தியும் காயும் செய்து வைத்துவிட்டு நாலு மணிக்குப் போய்விடுவார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சப்பாத்தி மெல்லியதாக வரும் என்பது மட்டும்தான்.

"சார், ஒரு நிமிசம். இதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசிச்சுச் சொல்லுங்க. எம் மக பாதி வாசிச்சிட்டு அழுதுக்கிட்டே இருக்கா."

கண்ணாடி விரிசல் விட்ட போனை நீட்டினார். கட்டம் போட்ட சட்டை. எதிர்ப்பக்கத் தெரு. மேலே இந்தியில் சிவப்பு எழுத்து: வெளியாட்கள், ஜாக்கிரதை. பக்கத்தில் ஏதோ கட்சிக் கொடியின் ஓரம். அதன் கீழே, 'ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி உறுதி செய்கிறார்' என்று ஒரு வரி. உத்தியோகத்தில் கிடைக்காத பதவி உயர்வு. பிறகு ஒன்று முதல் ஆறு வரை எண்கள். யாரோ சிரத்தையாக மொழிபெயர்த்திருந்தார்கள். ஆறாவதில் மட்டும் ஒரு திருத்தம். என் மறுப்பதற்கில்லையைக் காணோம். 'பிள்ளை பிடிக்கும் கும்பலின் ஆள்' என்று இருந்தது.

முதல் இரண்டை வாசித்தேன்.

"இது எங்க வீட்டுக்காரவிய சார்," என்றார் அந்த அம்மாள். "மூஞ்சி சரியாத் தெரியல. ஆனா இந்தச் சட்டை தீவாளிக்கு நா எடுத்தது."

அவர் கணவர் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இங்கே எதற்காக வந்து நிற்கிறார் என்று கேட்டேன். என் குரல் விசாரணை அதிகாரியின் குரல் மாதிரியே ஒலித்தது.

"போன மாசம் பஸ்ஸுல மயக்கம் போட்டு விழுந்தேம்லா, மாமிக்குத் தெரியும். அதுலேர்ந்து வேலைய பாதில போட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறாவ. கேட்டு கிட்ட நின்னா வாட்ச்மேன் விரட்டுதான். அதான் எதித்தாப்புல நிக்காவ."

"இதை யாராவது பார்த்து, அவரை..."

"நேத்து சயான் ஸ்டாப்புல ரெண்டு பேரு போனையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்திருக்கானுவ. அவிய இறங்கி ஓடியே வந்துட்டாவ. ஓடுனா இன்னும் தப்பா நெனைப்பானுவன்னு அப்பந்தான் தோணிச்சாம்." அவர் போனை வாங்கிக்கொண்டார். "இத எழுதுன ஆள கண்டுபிடிச்சிருவீங்களா சார்? எப்பப் பாத்தாலும் அந்தத் துப்பறியுத நாடகந்தான பாக்கீங்க."

டிவியில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். மனைவி அதை அணைத்தாள். குழுவில் அவளும் இருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"விசாரிக்கிறேன்," என்றேன்.

அடுத்த ஒரு மணி நேரம் விதிமுறைப்படி நடந்தது. என் பதிவை அழிக்க முயன்றேன். எல்லோருக்குமாக அழிக்கும் கெடு தாண்டியிருந்தது. ஆறு எண்ணிட்டுத் திருத்தக் குறிப்பு எழுதிப் போட்டேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கடுத்த நிமிஷம் யாரோ தண்ணீர் டாங்கர் எப்போது வரும் என்று கேட்டார்கள். செயலாளருக்கு போன் செய்தேன். அவர் மைத்துனருக்கு அனுப்பினாராம், மைத்துனர் கட்சிக்காரர். "சார், இப்ப அது யார் கைல இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது. நீங்க எழுதினது நல்லா இருந்ததுனாலதான் போச்சு," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுக்காமல், விளக்கம் கேட்காமல் முடிவெழுதிய கோப்புகளை நான் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எத்தனை இளநிலை அதிகாரிகளை அழ வைத்திருக்கிறேன். இந்த மனிதரிடம் கேட்க ஒரு தெருவைத் தாண்டினால் போதும். எனக்குத் தோன்றவே இல்லை.

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர், என் பெண் வயது, என் மனுவை இரண்டு முறை படித்தார். "அங்கிள், யே ஆப்னே லிகா ஹை?" அந்தப் பதிவை எழுதினது நீங்களேதானா என்று கேட்டார்.

"ஹான்."

"தோ ஃபிர் கம்ப்ளெயின்ட் கிஸ்கே கிலாஃப்?"

புகார் யார் மேல் என்ற கட்டத்தை வாழ்க்கையில் முதல்முறையாக நான் நிரப்பாமல் விட்டிருந்தேன். அவர் முத்திரை குத்தி நகல் கொடுத்தார், என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார், தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார். அந்த ஆளைக் கொஞ்ச நாள் அங்கே நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பது அவர் தந்த யோசனை. திரும்பி வரும்போது ஆட்டோவில் என் போன் அடித்தது. ஏதோ கடன் அட்டை விளம்பரம். காவல் நிலையம்தான் என்று நினைத்து "எஸ் சார்" என்று எடுத்திருந்தேன்.

நான் தமிழர் நிறைந்த மாட்டுங்காவில் சிறுவனாக இருந்தபோது தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் கேட்ட காலம் ஒன்று உண்டு. என் அப்பா ரயிலில் தமிழ் வாரப் பத்திரிகையை ஆங்கில நாளிதழுக்குள் மடித்து வைத்துப் படிப்பார். மராத்திக்காரர்கள் கூட்டமாக ஏறும் தாதர் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். மாட்டுங்காவில் இறங்கியதும் மறுபடி ஆரம்பிப்பார், விட்ட வாக்கியத்திலிருந்து. அவர் பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்ததுண்டு. 'வெளியாட்கள்' என்ற சொல்லைச் சிவப்பு எழுத்தில், அதுவும் என் வாக்கியங்களுக்கு மேலே பார்த்தபோது, அந்த மடித்த பத்திரிகைதான் கண்ணில் வந்தது.

அந்த அம்மாளிடம் ஒரு வாரம் வர வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. கணவரைத் துணைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரும் கேட்கவில்லை. மறுபடி பஸ்ஸில் விழுந்தால் யார் தூக்குவது என்றாராம்.

"நீங்க போய் அவர் பக்கத்துல நில்லுங்கோ," என்றாள் மனைவி. "ரெண்டு பேர் பேசிண்டு நின்னா யாரும் பிள்ளை பிடிக்கறவன்னு நெனைக்க மாட்டா."

"நினைத்தால்?"

"நெனைச்சா ரெண்டு பேரையும் அடிப்பா. அதுக்கு ஏதாவது ஃபாரம் இருக்கா?"

மூன்று நாற்பதுக்குக் கீழே போனேன். தெருவைத் தாண்டினேன். அவர் வேறு சட்டை போட்டிருந்தார், வெளிர் மஞ்சள். அந்தக் கட்டம் போட்ட சட்டையில்லை என்பதே எனக்குப் போன உயிரில் பாதியைத் திருப்பித் தந்தது. மூன்றாவது மாடி சார் என்று சொல்லிக்கொண்டேன். "தெரியும் சார்," என்றார். இருவரும் நின்றோம். அவர் நிமிர்ந்து பார்த்தார், நேராகக் கேமராவை.

"என்ன பார்க்கிறீர்கள்?"

"ஒங்க வீட்டு அடுக்களை ஃபேன. அது நின்னா அவ வேலைய முடிச்சிட்டு இறங்குதான்னு அர்த்தம். அப்பத்தான் ரோட்டத் தாண்டிப் போவேன். முன்னாடியே போனா வாட்ச்மேன் கத்துவான்."

கேமரா எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே, முதல் மாடி மட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் புகைவிசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டு விசிறி. ஐந்தாவது குறிப்புக்கும் விடை உடனே வந்தது. பள்ளிப் பேருந்து வந்து நின்று புகையைக் கக்கியது. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தி இருமினார். நானும் இருமினேன்.

"அதை எழுதினது நான்தான்," என்றேன்.

அவர் பேருந்தைப் பார்த்தார். குழந்தைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். குழந்தைகளைப் பார்ப்பதாக யாராவது நினைத்துவிடக் கூடாதே என்று திருப்பிக்கொண்டார் என்பது எனக்கு ஒரு விநாடி கழித்துத்தான் புரிந்தது.

"பெரிய படிப்புப் படிச்சவுக எழுதுன மாதிரி இருக்குன்னு மக சொன்னா," என்றார்.

"மன்னிப்பு..."

"வீட்டுக்காரிகிட்ட சொல்லிராதீங்க சார். சொன்னா ஒங்க வீட்டு வேலைய விட்டுருவா. அவளுக்கு மயக்கம் வருதுன்னு தெரிஞ்சு வேற எந்த வீட்டுல வச்சிக்கிடுவாவ? மாமி உக்காரச் சொல்லி டீ குடுக்காவ." பிறகு தயக்கத்தோடு கேட்டார். "நாளைக்கும் நீங்க இங்கன நிப்பீங்களா?"

விசிறி நின்றது. அவர் கிளம்பக் காலெடுத்தார். ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் அருகே வேகம் குறைத்தது. பின்னால் இருந்தவன் கையில் போன். வழி பார்க்கிறானா, எங்களைப் பார்க்கிறானா என்று தெரியவில்லை. நான் அவர் தோளில் கைபோட்டுச் சத்தமாக ஏதோ பேசினேன், இந்தியில். என்ன பேசினேன் என்று நினைவில்லை. வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. காவல் நிலையத்திலிருந்து கூப்பிடவும் இல்லை. தேர்தல் முடிந்துவிட்டது. காட்சி முடியவில்லை. போன வாரம் நவி மும்பை நெருலிலிருக்கும் மச்சினி எங்களுக்கு அதை அனுப்பினாள். ஊர் பெயர் மாறியிருக்கிறது, ஏதோ குஜராத் பக்கம். கொடியும் மாறியிருக்கிறது. ஆறு குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன. 'அத்திம்பேர், பேத்தி வந்தா வெளில விடாதீங்கோ' என்று எழுதியிருந்தாள்.

கட்டம் போட்ட சட்டை இப்போது எங்கள் அடுக்களையில் இருக்கிறது. அந்த அம்மாள் அதை நாலாகக் கிழித்துத் தோசைக்கல் பிடிக்கும் துணியாக்கிவிட்டார். காப்பிக்குப் பால் இறக்க நானும் அதைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

"ஆளு ஆப்புட்டானா சார்?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறார்.

"விசாரணை நடந்துகொண்டிருக்கிறது," என்கிறேன். மனைவி பாத்திரத்தை அழுத்தித் தேய்க்கிறாள்.

மணி மூன்று முப்பத்தைந்து. செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்.