ஒருத்திக்கு ஒன்றரை லிட்டர்

பூவாத்தாளின் அடுப்பை அணைத்துவிட்டார்கள் என்பது பதினோராம் நாள்தான் அவளுக்கே உறைத்தது. அணைத்தவர்கள் எதிரிகள் இல்லை, பெற்ற பிள்ளைகள். அதிலும் நல்ல பிள்ளைகள். கெட்ட பிள்ளைகளாக இருந்திருந்தால் அன்றைக்கே வாசலில் நின்று கத்தித் தீர்த்திருப்பாள்.

கணவர் குமாரசாமி இறந்து வருசம் திரும்பியதும் மகன்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முறை வைத்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருக்கும் பெரியவன் தமிழ்ச்செல்வன் வீட்டில் பதினைந்து நாள், கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சின்னவன் கௌதமன் வீட்டில் பதினைந்து நாள். ஒரே ஒரு ஆளுக்குத் தனியாக எதற்கு அடுப்பு, எதற்கு சிலிண்டர் என்றார்கள். கிரைண்டரும் பெரிய பாத்திரங்களும் டெம்போவில் ஏறித் திருப்பூர் போயின. அடுப்பும் சிலிண்டரும் மிக்ஸியும் கௌதமன் வீட்டுக்குப் போயின. பூவாத்தாளே ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள். சூலூர்ப் பக்கம் அவள் குடியிருக்கும் காலனியில் அத்தனை பேரும் மெச்சினார்கள். இந்தக் காலத்தில் சண்டை போடாமல் முறை வைத்துத் தாய்க்குச் சோறு போடும் பிள்ளைகள் எங்கே கிடைக்கிறார்கள் என்றார்கள். அவளும் தலையை ஆட்டிவிட்டாள்.

திருப்பூரில் ஒரு குறையும் இல்லை. மருமகள் கயல்விழி தங்கமான பெண். நேரத்துக்குத் தட்டு வரும், தண்ணீர் வரும், வெற்றிலைகூட வரும். பதினோராம் நாள் மத்தியானம் கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தாள். உப்பு கொஞ்சம் குறைவு. பூவாத்தாள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் ரவை இருந்தது, ஒன்றில் சர்க்கரை.

"ஏனுங்கத்தை, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்" என்றபடி கயல்விழி வந்தாள்.

"உப்பு, கண்ணு."

"அதுக்கு நீங்க எந்திரிக்கோணுங்களா? ஒரு வார்த்தை கேட்டா நான் தரமாட்டனுங்களா?"

அன்பாகத்தான் சொன்னாள். தரையில் கொட்டிவிடக் கூடாதே என்று ஸ்பூனில் அளந்து தட்டின் ஓரத்தில் வைத்தாள். பூவாத்தாள் அந்த உப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அறுபத்தொரு வயதில் உப்பைக் கேட்டு வாங்கித் தின்கிறோமே என்று நினைத்தாள். அந்தப் பருப்பை அவள் உப்புப் போடாமலே சாப்பிட்டாள்.

இந்தப் பூவாத்தாள் யாரென்று தெரிந்தால்தான் வாயில் வைக்காத அந்த உப்பு ஏன் அவ்வளவு கரித்தது என்று புரியும். அவள் அப்பன் ஆத்தாள் இரண்டு பேரும் தோட்டங்காட்டில் கூலிக்கு மாடாக உழைத்தவர்கள். அவர்களுக்குச் சோறு எப்போதும் அடுத்தவர் கையால், அடுத்தவர் சொன்ன நேரத்துக்கு, தோட்டத்து வேலிக்கு வெளியேதான் வந்தது. பூவாத்தாள் எட்டாவது வரை படித்து, முப்பத்து மூன்றாம் வயதில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலராகச் சேர்ந்தாள். வருகைப் பதிவேட்டில் நூற்றுப்பத்துப் பிள்ளைகள். முதல் வாரமே நாற்பத்தொரு பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு கொண்டு வர ஆரம்பித்தார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு, நீ உள்ளேயே இருந்து ஆக்கு, பரிமாற வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும், அளவையும் குறைத்துக்கொள் என்றார். பூவாத்தாள் அளவைக் குறைக்கவில்லை. தினமும் நூற்றுப்பத்துப் பேருக்கு ஆக்கினாள். கரண்டியைத் தானே பிடித்துப் பரிமாறினாள். மிஞ்சிய நாற்பத்தொரு பேர் சோற்றை அண்டாவோடு கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசை மேல் வைத்தாள். "இது வராத பிள்ளைங்களோடதுங்க சார். என்ன செய்யறதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுக்க அவருக்குத் தைரியமில்லை. அவரே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினார். இரண்டு வருசத்தில் தூக்குப்போசிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மூன்றாம் வருசம் அத்தனை பிள்ளைகளும் அவள் முன்னால் தட்டை நீட்டி நின்றார்கள். இருபத்தேழு வருசம் அந்தக் கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் இப்போது தட்டோரத்து உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பூர் முறை முடிந்ததும், "ரெண்டு நாளு ஊட்டைக் கூட்டித் தொடச்சுப்போட்டு உன்ற கிட்ட வாரேன்" என்று கௌதமனிடம் போனில் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தாள். வந்த மறுநாள் காலையில் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கோவை டவுன்ஹாலுக்குப் பஸ் ஏறினாள்.

பாத்திரக் கடையில் ஆரிஃப் என்ற விற்பனையாளன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். "எத்தனை பேருக்குங்கம்மா?" என்றான்.

"ஒருத்திக்கு."

ஆரிஃப் சிரித்துக்கொண்டே ஐந்து லிட்டர் குக்கரை எடுத்து வைத்தான். "ஒருத்தருக்குன்னாலும் விருந்தாளி வருவாங்கல்லங்க, பசங்க வருவாங்கல்லங்க. சின்னதை வாங்கிட்டு அப்பறம் வருத்தப்படுவீங்க."

"வருத்தப்படறது நான்தானுங்க? சின்னதை எடுங்க."

மூன்று லிட்டர் வந்தது. அதையும் தள்ளினாள். கடைசியில் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினான். ஒன்றரை லிட்டர். "ஹாஸ்டல் பசங்க வாங்கறதுங்க இது" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில். பூவாத்தாள் அதைக் கையில் வாங்கி மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடினாள். இடது முழங்கையில் ஆவி பட்டு வெந்த பழைய தழும்பு அவளுக்கு உண்டு. குக்கர் விஷயத்தில் அவள் யார் பேச்சையும் நம்புவதில்லை. கரண்ட் அடுப்பு ஒன்றையும் எடுக்கச் சொன்னாள். பிறகு, "ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி இதுல வெய்ங்க. விசில் கேட்டாத்தான் வாங்குவேன்" என்றாள்.

"கம்பெனி கேரண்டி இருக்குதுங்கம்மா."

"கேரண்டி கம்பெனிக்காரருக்குங்க. கை என்னோடதுங்க."

வேறு வழியில்லாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் பிளக்கைச் செருகி வைத்தான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு குடும்பம் வாங்குவதை நிறுத்திவிட்டு நின்றது. சின்னக் குக்கர் கொஞ்ச நேரம் முனகியது, பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு விசில் அடித்தது. ஆளைவிடப் பெரிய குரல். பூவாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். புருசன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். குக்கரோடு அடுப்பு, ஒரு குட்டி மிக்ஸி, வெள்ளைப் பீங்கானில் ஒரு உப்பு ஜாடி எல்லாம் எடுத்துக்கொண்டாள். ஜாடியை மட்டும் கட்டைப்பையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு புத்தகக் கடை. அவளுக்குச் சமையல் தெரியாமலா புத்தகம்? தெரிந்த சமையல் எல்லாம் அடுத்தவர் நாக்குக்கானது என்பதுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் சர்க்கார் சொன்ன அளவு. வீட்டில் குமாரசாமி சொன்ன காரம். தேங்காய்ப்பால் ஊற்றினால் மருந்து மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார், பூண்டு வாசம் அவருக்கு ஆகாது. தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அவளுக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகம்.

கடைக்கார அம்மாள் சாஜிதா பேகம் ஐந்தாறு சமையல் புத்தகங்களை எடுத்துப் போட்டார். பூவாத்தாள் நின்றபடியே கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் ஒரே வரி: நான்கு பேருக்கு.

"ஒருத்தருக்குன்னு போட்ட புத்தகம் இருக்குதுங்களா?"

"அப்படி வராதுங்கம்மா. நாலால வகுத்துக்குங்க."

"வகுக்கத் தெரியாமக் கேக்கலைங்க. பருப்பை நூத்திப்பத்தால வகுத்தவ நான். ஒருத்தி ஆக்கித் திம்பான்னு ஒருத்தருக்குமே தோணலையான்னு கேக்கறேன்."

சாஜிதா பேகம் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "நானும் ஒண்டிதானுங்க. ஒருத்திக்கு என்னத்தை ஆக்கறதுன்னு ராத்திரி பன்னும் டீயும்தான்" என்றார். பூவாத்தாளுக்குக் கோபம் வந்தது, அந்த அம்மாள் மேல் இல்லை. இருப்பதிலேயே எழுத்துப் பெரிதாக இருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அங்கேயே பேனா கேட்டு வாங்கினாள். தேங்காய்ப்பால் சாதம் இருந்த பக்கத்தில் 'நான்கு பேருக்கு' என்பதை அடித்துவிட்டு, 'பூவாத்தாளுக்கு' என்று எழுதினாள்.

ஆனால் சமையல் லேசில் மசியவில்லை. நான்கால் வகுத்து ஊற்றிய தண்ணீரில் முதல் நாள் அரிசி அடிப்பிடித்தது. அளவு குறைந்தாலும் ஆவியாகிப் போகிற தண்ணீர் அந்த மாதிரி குறைவதில்லை. இரண்டாம் நாள் தாராளமாக ஊற்றியதில் கஞ்சியாகிவிட்டது. நூற்றுப்பத்துப் பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆக்கிய கைக்கு ஒருத்திக்கு ஆக்க மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் தேங்காய்ப்பால் சாதம் உதிரி உதிரியாக வந்தது. பூண்டுக் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டு, நிதானமாக, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். தனக்குத் தேங்காய்ப்பால் பிடிக்கும் என்பது அவளுக்கு அன்று தெரிந்தது. சரியான தண்ணீர் அளவைப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்தாள். பிறகு இரண்டு மகன்களுக்கும் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொஞ்சாதிகளோடு சாப்பிட வரச் சொன்னாள்.

கௌதமனும் அவன் மனைவி யுவஸ்ரீயும் காரில் வந்தார்கள். திருப்பூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். புத்தகத்துக்குப் பொருத்தமாக நான்கு பேர். உள்ளே வந்ததும் கௌதமன் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு நின்றான்.

"ஏம்மா, இதெல்லாம் என்ன? கூட்டிட்டுப் போகத்தான கார் எடுத்துட்டு வந்தேன். துணிப்பை எங்கே?"

"மடிச்சுப் பரண்ல போட்டுட்டேன் கண்ணு. நான் வரலை."

தமிழ்ச்செல்வனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க என்ன குறை வெச்சோம்? பசங்க சோறு போடலை, அம்மா தனியாப் பொங்கித் திங்கறான்னுதான் ஊர்ல சொல்லுவாங்க."

"குறையே வெக்கலை சாமி. அதை ஊர்ல நானே சொல்லிக்கறேன். உங்க ஊட்டுல எனக்குச் சோறு இருந்துது, அடுப்புத்தான் இல்லை."

"அடுப்பு எதுக்கும்மா இந்த வயசுல? நாளைக்கு உடம்புக்கு முடியாமப் போனா?" என்று கேட்ட கௌதமன் குரலில் உண்மையான பயம் இருந்தது.

பூவாத்தாள் அவன் தலையைத் தடவினாள். "முடியாமப் போற அன்னிக்கு நானே கூப்புடறேன், வந்து தூக்கிட்டுப் போ. முடியற வரைக்கும் என்னைய முடியாதவளா ஆக்காதீங்க. அந்தக் கிரைண்டரு, சிலிண்டரு எதையும் நான் திருப்பிக் கேக்கலை, வெச்சுக்குங்க. முறைதான் வேணும்னா இனி அதை நான் வெக்கறேன். மாசத்துல மொத ஞாயிறு பெரியவன், மூணாவது ஞாயிறு சின்னவன் இங்க வந்து சாப்புடோணும். மொத நாளே சொல்லிப்போடுங்க, குக்கர் சின்னது, மூணு தடவை வெக்கோணும்."

யுவஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று தடவை விசில் அடித்து ஆக்கிய தேங்காய்ப்பால் சாதம் நான்கு தட்டுகளுக்கும் வந்தது. தமிழ்ச்செல்வன் முறைத்துக்கொண்டே இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான். கயல்விழி ஒரு வாய் வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"அத்தை, கொஞ்சம் உப்பு தர்றீங்களா?"

பூவாத்தாள் கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்றாள். வெள்ளை ஜாடி அடுப்பு மேடையில், கைக்கு எட்டுகிற உயரத்தில், மூடி திறந்தே இருந்தது.

"அங்கதான் இருக்குது கண்ணு. இந்த ஊட்டுல உப்பை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. எந்திரிச்சுப் போயி நீயே எடுத்துக்க."

கயல்விழி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பதினோராம் நாள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், சட்டென்று கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் ஜாடிக்குள் கையை விட்டு, வேண்டிய மட்டும் உப்பை எடுத்துக்கொண்டாள்.