யாகப்பன் வாசித்த தபலா

பாப்பாரப்பட்டிப் பக்கம் சின்னப்பராஜின் பாட்டுக் கச்சேரி என்றால் தபலாவுக்கு யாகப்பன்தான். பதினொரு வருஷமாக இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தவர்கள். 1984இல் சின்னப்பராஜ் பெங்களூரிலிருந்து நாலு ட்ராக் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கிவந்தான். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒலிக்கவிடும் கருவி அது.

"ஒத்திகைக்குத்தாண்ணா, கொஞ்சம் வாசிச்சுக் குடுங்க" என்றான். யாகப்பன் மூன்று நாள் விரல் வீங்க வாசித்து, இருபது பாட்டுக்குப் பதிந்து கொடுத்தார்.

அதன்பிறகு அவரைக் கச்சேரிக்கு யாரும் கூப்பிடவில்லை.

வைகாசியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தருமபுரி போனார். மண்டப வாசலிலேயே தபலா கேட்டது. நமக்குப் பதிலாக வந்தவன் நன்றாகத்தான் வாசிக்கிறான் என்று நினைத்தபடி உள்ளே போனார். மேடையில் சின்னப்பராஜ் மட்டும் கீபோர்டோடு நின்றான். பக்கத்தில் டேப் சுற்றிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் மேடையோரம் போய், "இது என் கைதானே, ராஜு?" என்று கேட்டார்.

சின்னப்பராஜ் நிமிரவில்லை. "எல்லாரையும் கூட்டியாந்தா கட்டுப்படியாவலண்ணா. சாப்ட்டுட்டுப் போங்க."

யாகப்பன் சண்டை போடவில்லை. பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரர், "தபலா நல்லா வாசிக்கிறாங்க, இல்லீங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த மாதமே கட்டட வேலைக்கென்று பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார். அவர் போன பிறகும் நாலு வருஷம், அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அவருடைய தபலா கேட்டுக்கொண்டிருந்தது.