ஸில்லிக்கு ஜெர்மன் வார்த்தை

கரமனையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரகசியம் பேசுவதற்கென்றே இங்கிலீஷை வைத்திருந்தார்கள். பெண்டுகளுக்கும் குழந்தைகளுக்கும் தெரியக்கூடாத சமாசாரம் எல்லாம் அந்த பாஷையில்தான் நடக்கும். பெரிய கெட்டிக்காரத்தனம்தான்! எந்த பாஷையில் குரல் தாழ்ந்தாலும், பேச்சு யாரைப் பற்றி என்று அடுக்களைக்குத் தெரிந்துவிடும்.

அத்தையை வலியசாலையிலிருந்த அவள் புக்ககத்தார், அசடு என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் செய்த அசட்டுத்தனம் இதுதான்: வாசலில் வந்து நின்றவர்களிடம், "உள்ளேதான் இருக்கா, இல்லைன்னு சொல்லச் சொன்னா" என்று மாமியாரைப் பற்றி அப்படியே ஒப்பித்துவிட்டாள். என்றைக்காவது அழைத்துப்போக வருவார்கள் என்று பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாள், பாவம்.

ஒருநாள் அப்பா வலியசாலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். கூடத்தில் சித்தப்பாவிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். 'ஸில்லி' என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. சித்தப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று.

சித்தப்பா ஜெர்மனிக்குப் படிக்கப் போக இருந்தார். விளக்கேற்றியதும் நான் அவருடைய ஜெர்மன் அகராதியைப் பிரித்து ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எழுத்துக்கூட்டிக் கேட்பேன். அவர் அதை ஜெர்மனில் சொல்வார். அன்று அத்தையும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா ஸில்லி ஸில்லின்னாரே, அதுக்கு என்னவாக்கும் அர்த்தம்?"

சித்தப்பா பதில் சொல்ல வாயெடுத்தார்.

"தமிழ்ல வேண்டாம். ஒன் ஜெர்மன்ல சொல்லு."

அதற்குள் நான் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஸில்லிக்கு நேரே 'டும்' என்று போட்டிருந்தது. மேளம் மாதிரி இருந்த அதை உரக்கச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சித்தப்பா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடிவிட்டார்.

"ஸேலிக்," என்றார். "தெய்வ அனுக்ரகம் உள்ளவான்னு அர்த்தம், அக்கா."

அத்தை அதை ஒருதரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். "நன்னாயிருக்கு," என்றாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.

எனக்குச் சித்தப்பாமேல் ஆத்திரமாக வந்தது. இப்படித் தப்பும் தவறுமாகச் சொல்கிறவர் ஜெர்மனியில் எப்படிப் பாஸ் பண்ணப்போகிறார்! ஸில்லியும் ஸேலிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை, ஸில்லி என்றாலே ஒரு காலத்தில் பாக்கியசாலி என்றுதான் பொருள் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவுக்கு அது அன்றே தெரியுமா, வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாரா என்று கேட்க இப்போது அவர் இல்லை.

அத்தையின் கணவர் சீக்கிரமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தமிழில் வேண்டாம் என்று அவள் சொன்னபோது, அத்தைக்கும் ஜெர்மன் படிக்க ஆசை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.