கொஞ்சம் குளிரோடு அனுப்பச் சொல்கிறார்கள்

கொஞ்சம் குளிர் என்றால் எவ்வளவு குளிர்? கனடாவுக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண் தினமும் காலையில் தன் மகளை ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூடப் போடாமல் பனிக்குள் அனுப்புகிறாள். அந்தக் குழந்தையும் சிரித்துக்கொண்டே ஓடுகிறது. மார்கழியில் பால் வாங்கப் போவதற்கே காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி அனுப்பப்பட்ட ஆவடிக்காரி நான், ஜன்னலுக்குப் பின்னால் நின்று அந்தக் குழந்தைக்காகப் பதறுகிறேன்.

இங்கே குளிர்காலத்தில் யாரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. பள்ளிக்கூடமே பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப் போய், காலில் நீளமான பட்டைகளை மாட்டி, பனிமேல் சறுக்கி நடக்க வைக்கிறது. கிராஸ் கன்ட்ரி ஸ்கீ என்று பெயர். சென்ற ஆண்டு, அப்போது எட்டு வயதான என் மகள் பவித்ராவும் போக வேண்டியிருந்தது. அதற்கான உடுப்பு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்மணி பொறுமையாக மூன்று அடுக்குகளை மேசைமேல் பரப்பினார். தோலை ஒட்டி மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபோன்ற மேல்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஜாக்கெட்.

"உள்ளே பருத்தி மட்டும் வேண்டாம். கிளம்பும்போது குழந்தைக்குக் கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்" என்றார்.

"குளிரட்டும் என்றா அனுப்புவது? காய்ச்சல் வந்துவிடாதா?"

"வேர்ப்பதுதான் ஆபத்து."

வேர்வையா, இந்த ஊரிலா? அவர் என்னை ஏதோ தேற்றப் பார்க்கிறார் என்று நினைத்து, "இதைவிடக் கனமாக இல்லையா?" என்று கேட்டேன். அவரோ நான் பெரிய மலைப் பயணத்துக்குக் கேட்கிறேன் என்று நினைத்து, துருவப் பகுதிக்குப் போகிறவர்கள் அணியும் கோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருவரும் சங்கடமாகச் சிரித்தோம். கடைசியில் அவர் சொன்ன மூன்றையுமே வாங்கினேன்.

வாங்கினேனே தவிர நம்பவில்லை. குளிர்காலக் கோட்டுகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அப்பா ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் தையல்காரர். ஆயுத பூஜையன்று குவார்ட்டர்ஸ் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். இமயமலையில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்கான கோட்டுகள், திணித்த பஞ்சோடு, கூரையைத் தொடுமளவு அடுக்கியிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே எல்லோருக்கும் வேர்த்து ஊற்றும். ஒருமுறை அப்பாவின் நண்பர் ஒரு கோட்டை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். கணுக்கால்வரை மூழ்கிப்போனேன்.

"இன்னா மாமே, பொண்ண காஷ்மீருக்கு அனுப்பப் போறியா? தொப்பி ஒண்ணுதான் பாக்கி கீது!" என்று அவர் சிரித்தார்.

"அனுப்புனா இன்னா? உள்ள ஒரு காட்டன் பனியன் போட்டுக்கினா எந்த ஊரும் ஒண்ணும் பண்ணாது" என்றார் அப்பா, தன் பனியனைப் பிழிந்துகொண்டே.

அந்தக் கூரையின் கீழ் அது முழு உண்மை. வேர்வையை உறிஞ்சி, வேர்க்குரு வராமல் காத்தது பருத்திதான். பிறந்த குழந்தைக்கும் அதைத்தான் போடுகிறோம். ஆனால் அந்தக் கோட்டுகளைத் தைத்தவர்கள் யாரும் பனியைப் பார்த்ததில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

பயணத்தன்று காலையில் பவித்ரா கழுத்தைச் சொறிந்துகொண்டு, "அம்மா, இந்தக் கம்பளி குத்துது" என்றாள். அதற்காகவே காத்திருந்ததுபோல அதைக் கழற்றிவிட்டு, ஊரிலிருந்து வந்த பருத்திப் பனியன்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன். மேலே ஃப்ளீஸ், பிறகு ஸ்வெட்டர், பிறகு ஜாக்கெட்.

"கடையில சொன்னதைப் போடேன். ஏன் குழப்பிக்கிறே?" என்றார் கணவர்.

"உங்களுக்கென்னங்க, காய்ச்சல் வந்தா பக்கத்துல உட்காரப் போறது நான்தானே."

முகம் சிவக்க, வெதுவெதுப்பாக, கையை மடக்கக்கூட முடியாமல் அவள் வேனில் ஏறினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. மேட்டில் ஏறும்போது அவளுக்கு வேர்த்து உள்ளே எல்லாம் நனைந்திருக்கிறது. சாப்பிட நின்ற இடத்தில் காற்று வீச, ஈரம் காயாத பருத்தி உடம்புச் சூட்டையெல்லாம் இழுத்துவிட்டிருக்கிறது. அவள் ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கூச்சப்படுகிற பிள்ளை என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ஆசிரியை அருகில் வந்து பேசியபோது அவளுக்கு நாக்கு குழறியதாம். தூக்கம் வருகிறது என்றாளாம். ஈரத்தைக் கழற்றி, காய்ந்த உடுப்பு போட்டு, தூங்கும் பைக்குள் நுழைத்து, பக்கத்தில் இருந்த மரக்குடிசைக்குள் அடுப்பருகே தூக்கிப் போயிருக்கிறார்கள். மருத்துவமனையில் அவளைப் பார்த்தபோது உதட்டில் இன்னும் நீலம் இருந்தது. இன்னும் சற்று நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆசிரியை என்னைக் குறை சொல்லவில்லை. "குளிர்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "ஏன்டி யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னா மிஸ் உனக்குச் சொல்லுவாங்க. நீ அடுத்த தடவை இன்னொரு ஸ்வெட்டர் போடுவே. இல்லேன்னா போகவே விடமாட்டே."

இந்த ஆண்டு மறுபடியும் கூட்டிப் போகிறார்கள். இம்முறை இரவு தங்கல். அவளுக்குப் போக வேண்டுமென்று ஒரே ஆசை. குத்தாத கம்பளி தேடிக் கண்டுபிடித்து வாங்கிவிட்டேன். மாற்றுக் காலுறை, கையுறை எல்லாம் வாங்கியாயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த அடுக்கை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்று காட்டுக்குள் முடிவெடுக்கப் போவது அவள் உடம்புதான். அது சொல்வதை அவள் வாய் சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு புது உடுப்பைப் போட்டுக்கொண்டு பூங்காவில் பழகிப் பார்க்கக் கிளம்பினாள். வாசலில் அவள் கன்னத்தைத் தொட்டு, "குளிருதாடி?" என்றேன்.

"இல்லவே இல்லைம்மா."

படியில் அவளுடைய தோழி ஜென்னி காத்திருந்தாள். நான் கதவை முழுதாகச் சாத்துவதற்குள், பவித்ரா கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. "எனக்கு விறைக்குது, சீக்கிரம் வா, ஓடலாம்." இரண்டு பேரும் ஓடினார்கள். என்னிடம் தமிழில் பொய், அவளிடம் ஆங்கிலத்தில் உண்மை. கதவுப்பிடியைப் பிடித்தபடி, பாதி உள்ளேயும் பாதி பனியிலுமாக நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளிக்கு இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பனி நாடுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். என்ன கோட்டு வாங்குவது என்று நான் கேட்கவில்லை. அம்மா பயப்படுவாளே என்று குளிரை மறைக்கிற பிள்ளையை எப்படி வாய் திறக்க வைத்தீர்கள்? அதற்கு நான் முதலில் எதை நிறுத்த வேண்டும்? அதுவரை அவளை அனுப்பலாமா?